தேதி போடாத கடிதம்

மேலவைக்கு அனுப்பியபோது கட்சித் தலைவர் அவரிடம் இரண்டு காகிதங்களில் கையெழுத்து வாங்கினார். ஒன்று வேட்புமனு. மற்றது ராஜினாமாக் கடிதம். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று தட்டச்சாகித் தயாராக இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். தாலி கட்டும்போதே விவாகரத்துப் பத்திரத்தையும் நீட்டுவது மாதிரிதான் இது, ஆனால் அந்தக் கட்சியில் யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிவிட்டுத் தொழிற்சங்கத்துக்கு வந்தவர் அவர். எம்.பி. ஆன பிறகும் எல்லோருக்கும் டிரைவர்தான். பதவி என்றதும் வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் பதினோரு வருடம் ஓடிவிட்டது. இடையில் இரண்டாம் முறை அனுப்பியபோது புதுக் கடிதம் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. பழசே தலைவர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. கொறடா கையைத் தூக்கச் சொன்னால் டிரைவர் தூக்குவார். வெளிநடப்பு என்றால் மேசைக்கடியில் கழற்றிவிட்ட செருப்பை முதல் ஆளாகத் தேடுவார். பேசியதையெல்லாம் கூட்டினால் நாற்பது நிமிடம் தேறாது.

உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, ஒரு தனிநபர் மசோதா. பத்து மணி நேரம் ஓட்டியவரிடம் அன்றைக்கு மறுபடி வண்டியைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான், இரண்டு பக்கம். அவருடைய தங்கை கணவரும் அவர் ஓட்டிய அதே டிப்போவில் டிரைவர். பதினேழாவது மணி நேரத்தில் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்து, பாலத்துச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டியோடு கீழே போனார். இந்த மாதிரி மசோதாக்களைக் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள். ஏழு வருடமாக வராத டிரைவரின் பெயர் இந்த முறை முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு எடுத்துக்கொள்வதாக அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். தங்கைக்குப் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கி அனுப்பினார். கொண்டுவந்தவர் அவை உறுப்பினராக இல்லாமல் போனால் மசோதாவும் போய்விடும் என்பது விதி.

புதன்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கட்சிச் செயலாளரின் ஃபோன் வந்தது.

"அண்ணே, தலைவரோட மாப்பிள்ளை தேர்தல்ல தோத்துட்டாருல்ல, அவருக்கு ஒரு சீட்டு வேணும். உங்க கடிதத்துல தேதி போட்டாச்சு. தலைவருக்கு ரொம்ப வருத்தம்."

"வெள்ளிக்கிழமை தாண்டிக் குடுக்கலாமா? என் மசோதா ஒண்ணு வருது."

"போட்டது போட்டாச்சுண்ணே. தேதிய அடிச்சுத் திருத்தினா பாக்க நல்லாயிருக்காது."

டிரைவர் வாயைக் கொப்பளித்தார். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை.

பதினோரு மணிக்கு அவைத் தலைவரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். விலகுகிறவர் மனமொப்பித்தான் விலகுகிறாரா என்று அவைத் தலைவர் நேரில் கேட்டே ஆக வேண்டும். செயலாளரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தார். அவைத் தலைவர் முன்னாள் நீதிபதி, யாருக்கும் மசியாத ஆள். செயலாளரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு கடிதத்தை மேசைமேல் திருப்பி வைத்தார்.

"காகிதம் பழுத்துப் போயிருக்கு. தேதி மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி பளபளன்னு இருக்கு. சரி, அத விடுங்க. இது யாருக்கு எழுதினது?"

டிரைவர் குனிந்து பார்த்தார். 'மாண்புமிகு' என்பதற்குப் பின்னால் முந்தைய அவைத் தலைவரின் பெயர் இருந்தது. அவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. டிரைவர்கூட மலர்வளையத்தோடு போய் நின்றார். கடிதத்தை எடுத்துத் தேதி போட்டவர்கள் யாரும் மேல்வரியைப் படிக்கவில்லை.

"போய்ச் சேந்தவருக்கு வந்த கடிதத்த நான் எப்படி ஏத்துக்கிறது?" என்றார் அவைத் தலைவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க மசோதாவப் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. இது என் விருப்பம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இதத் திருப்பி அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை நீங்க பேசுவீங்க. அப்புறம் உங்க கட்சி உங்கள என்ன வேணாலும் பண்ணிக்கட்டும்."

இதைவிட ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? பழத்தை உரித்து வாயிலேயே வைத்தாயிற்று, மென்றால் போதும். டிரைவருக்கு எல்லாம் புரிந்தது. மசோதா புரிந்தது, தங்கை மாடத்தில் உட்காரப்போகும் நாற்காலிகூடக் கண்முன் வந்தது. ஆனால் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. தப்பான காகிதத்தைக் கொடுத்துவிட்டோமே என்ற சங்கடம் மட்டும்தான் அவருக்குச் சொந்தமாகத் தெரிந்தது.

"பேனா இருக்குங்களாய்யா?" என்றார்.

அவைத் தலைவர் புரியாமல் எடுத்து நீட்டினார். டிரைவர் செத்தவரின் பெயரை ஒரே கோடாக அடித்து, அதற்குப் பக்கத்தில், எதிரே இருக்கிறவரின் பெயரை எழுதினார். நிதானமாக, எழுத்துப்பிழை இல்லாமல். ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

"உங்க விருப்பத்துலதான் விலகுறீங்களா?"

"ஆமாங்கய்யா."

அவைத் தலைவர் கடிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார். பிறகு மணியை அடித்தார்.

வெளியே செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினார். டிரைவர் ஜன்னலோரம் நின்று தங்கையைக் கூப்பிட்டார். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு நின்றது.

"வெள்ளிக்கிழமை வர வேணாம்மா."

"தள்ளி வச்சுட்டாங்களா அண்ணா?"

"இல்ல. நான் ராஜினாமா பண்ணிட்டேன்."

"பண்ணச் சொல்லி மிரட்டினாங்களா?"

"மிரட்டல. உங்க விருப்பமான்னு கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

தங்கை அழவில்லை, கத்தவில்லை. அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"அவரும் அப்படித்தானே அண்ணா," என்றாள். "டிப்போ ரிஜிஸ்டர்ல 'என் விருப்பத்தின் பேரில் வண்டி எடுக்கிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஏறினாரு. அதக் காட்டித்தான தப்பு அவரு மேலதான்னு முடிச்சாங்க."

ரிஜிஸ்டரை நடுவில் வைத்து விசாரணை நடத்தியபோது, அது மச்சானின் கையெழுத்துதான் என்று அடையாளம் சொன்னவர் டிரைவர். அதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

"சாப்பிட்டேன்," என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.