சீலுக்கு அடியில் ஒரு வாய்

இந்தக் காலத்து ஆட்களின் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் குடியிருக்கிறது. ‘மாத்தணும்.’ குழாய் ஒழுகினால் மாத்தணும், செருப்பு வார் அறுந்தால் மாத்தணும், கதவு கிறீச்சிட்டால் கதவையே மாத்தணும். திறந்து உள்ளே என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்போம் என்கிற எண்ணம் ஒருத்தருக்கும் வருவதில்லை. எட்டிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் போல. மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டே லாரிக்காரர் இதையெல்லாம் தன் முட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கேட்கத் தயாராக இல்லை.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். வண்டி கைமாறி எத்தனையோ வருஷமாகியும் அந்தக் கட்டடத்தில் அவருக்கு லாரிக்காரர் என்றுதான் பேர். ஆறாவது மாடியில் வீடு. கட்டடத்துக்கு இருப்பது ஒரே லிஃப்ட். அது ஒரு மாதத்துக்கு மேலாகக் கீழ்த்தளத்தில் கதவை மூடிக்கொண்டு செத்துக் கிடந்தது.

அவருக்கு அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. படி ஏறுவார், திட்டுவார், மறுபடி ஏறுவார். அவர் மனைவிதான் மாட்டிக்கொண்டாள். இடுப்பு எலும்பு தேய்ந்து, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கிறவள். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். எத்தனையோ அலைந்து வாங்கின தேதி. இதை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று மூன்றாம் மாடிக்காரர்கள் நல்ல மனசோடுதான் வந்து சொன்னார்கள்.

“நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நேரம் வரல. அது வரும்போது நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்ப என் காலாலதான் போவேன்” என்று அவள் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு தன் தம்பிக்கு போன் போட்டாள். அதுதான் லாரிக்காரருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

தம்பிக்குத் திருப்புளி என்று பேர். பெற்றவர்கள் வைத்தது வேறு. எந்நேரமும் சட்டைப் பையில் ஸ்க்ரூ கழற்றுகிற திருப்புளி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஊரார் வைத்தது இது. இந்த லிஃப்டைச் செய்து மாட்டின பழைய கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து, அதை மூடும்போது ஓய்வு பெற்றவன். லாரிக்காரர் அவனை நம்பாததற்குத் தகுந்த காரணம் உண்டு. ஒருமுறை அவன் ஆசை ஆசையாக மாட்டிக் கொடுத்த ஃபேன் மத்தியானத் தூக்கத்தில் அவர் தொடைமேல் வந்து விழுந்தது. மழை வந்தால் அந்தத் தொடை இன்னும் ஞாபகப்படுத்தும்.

மொட்டை மாடியில் மோட்டார் அறையின் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே கிரீஸ் வாடை. ஒரு பக்கம் எண்ணெய் வழிந்து கறுத்துப்போன மோட்டார். சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு கன்ட்ரோல் பெட்டி. அதன் முன்னால் திருப்புளி குந்தியிருந்தான். பக்கத்தில், இப்போது லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் புதுக் கம்பெனியின் டெக்னீஷியன் பெண், கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள்.

“வாங்க அத்தான்” என்றான் திருப்புளி.

“வந்தது இருக்கட்டும். என்ன ஆச்சு?”

“கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்துப் பொறுத்துத்தான் உங்க அக்கா கண்ணு பாதி போச்சு.” அவர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இது ஏன் ஓடல?”

“ஐயா, முதல்ல கதவுல பழுது. அதை அந்த வாரமே சரி பண்ணிட்டோம். ஆனா பழுது வந்துச்சுன்னு இந்தப் பெட்டி தன் ஞாபகத்துல பூட்டி வெச்சுக்கிட்டு நகர மாட்டேங்குது. அந்த ஞாபகத்தை அழிச்சாத்தான் ஓடும். அழிக்கிறதுக்குப் பழைய கம்பெனியோட கைக்கணினி வேணும். எங்க கருவி பேசினா இதுக்குக் காது கேக்காது. பழைய கம்பெனியை இழுத்து மூடியாச்சு. அதான் முழுப் பெட்டியையும் மாத்தணும்னு எழுதிக் கொடுத்தேன். புதுசு கப்பல்ல வரணும்.”

“ரோஷம் வந்த லிஃப்ட்!” என்றார் லாரிக்காரர். “சரி பண்ணினப்புறமும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கா? எங்க வீட்டு மருமக தேவலாம். ரெண்டு நாள்ல பேசிடுவா.”

திருப்புளி மடியில் இருந்ததை எடுத்துக் காட்டினான். செங்கல் கனத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மேலே உள்ளங்கை அளவு திரை, கீழே எண் பொத்தான்கள், கையில் வழுக்காமலிருக்கச் சுற்றிலும் ரப்பர். அதுதான் அந்தக் கைக்கணினி. கம்பெனியை மூடின அன்று குப்பையில் கிடந்ததை ஞாபகத்துக்காக எடுத்து வந்திருந்தான். அத்தோடு ஒரு ஒயர். ஒயரின் ஒரு முனை லிஃப்ட் பெட்டியில் மாட்டுவது. மறுமுனை தட்டையாக, தீப்பெட்டி அகலத்தில் ஒரு கார்டு.

“லிஃப்ட் பக்கம் மாட்டியாச்சு. இந்தக் கார்டு கைக்கணினியில போகணும். போற இடம்தான் தெரியல.”

“உச்சியில ஒரு சந்து இருக்கே?” என்றார் லாரிக்காரர்.

“அது வேற கார்டுக்கு. அளவு பொருந்தல.”

“ஏண்டா, உன் வேலைக் காலம் பூரா இதைத்தானே தூக்கிட்டுத் திரிஞ்ச? எங்க சொருகறதுன்னு தெரியாதா?”

திருப்புளி காதைச் சொறிந்தான். “எங்க ஸ்டோர்காரர் காலையிலேயே ஒயரை மாட்டித்தான் கையில கொடுப்பார். சாயங்காலம் அப்படியே திருப்பி வாங்கிக்குவார். கழற்றி மாட்டறது எங்க வேலை இல்ல.”

“சோறும் அவர்தான் ஊட்டி விட்டாரா?”

டெக்னீஷியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைக்கணினியை வாங்கினாள். புரட்டினாள். பேட்டரி மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்தாள். பேட்டரி இருந்த பள்ளத்தின் அடியில் வெள்ளிக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு எழுத்தில் ‘பிரிக்காதே’ என்று இருந்தது. அவள் விரலால் காகிதத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

“அண்ணே, இதுக்குக் கீழே சமமா இல்ல. ஓரத்துல பள்ளம் தட்டுது. ஏதோ மூடி இருக்கு.”

“அது சீல்மா” என்றான் திருப்புளி. சொன்ன வேகத்தில் கைக்கணினியை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். “அதைத் தொடக் கூடாது.”

“ஏன்?”

“ஸ்டோர்காரர் மட்டும் பிரிச்சு ஒட்டற சீல். நாங்க பிரிச்சா வேலை போயிடும். எங்க செட்டுல ஒருத்தன் ஓரத்தைச் சுரண்டினான்னு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

லாரிக்காரரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

“என்ன வேலைடா போயிடும்?”

“அத்தான்...”

“நீ வேலையில இல்ல. உன் கம்பெனியும் இல்ல. உன்னை வீட்டுக்கு அனுப்பின முதலாளிக்கு நீ யாருன்னே தெரியாது. அவன் ஒட்டிட்டுப் போன காகிதத்துக்கு இன்னும் கைகட்டி நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“பழக்கம் அத்தான். கை வர மாட்டேங்குது.”

“எதுக்குடா சீல்? காசு கொடுத்து வாங்கின லிஃப்ட்டுக்குச் சாவி மாதிரி இது. அதுக்குள்ள ஒரு ஓட்டையை ஏன் ஒளிச்சு வெக்கணும்?”

“வேற கம்பெனிக்காரன் கை வெச்சுடக் கூடாதுன்னுதான். வெளியாளுக்குத் தெரியக் கூடாது.”

“வெளியாளா?” லாரிக்காரர் குரல் சுவரில் மோதித் திரும்பியது. “அந்த வெளியாள் யாரு தெரியுமா? கீழே கட்டில்ல ஒத்தக் கண்ணோட உக்காந்து, தம்பி வந்துட்டான், இனி கவலையில்லன்னு எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாளே, அவதான் வெளியாள்! அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிச்சிருக்கான். நானும் வண்டி ஓட்டினேன். போனட்டைத் தூக்கினா எஞ்சின் தெரியும், சேறு தெரியும், செத்த எலிகூடத் தெரியும். எந்த மவராசனாவது கியரை எனக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சானா?”

அவர் கைக்கணினியைப் பிடுங்கினார். திருப்புளி விடவில்லை. இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். “கீழ போட்டுடாதீங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு” என்று டெக்னீஷியன் இரண்டு கைகளையும் அடியில் ஏந்திக்கொண்டு நின்றாள். கடைசியில் லாரிக்காரர்தான் ஜெயித்தார். ஸ்டியரிங் பிடித்த கை. கட்டை விரல் நகத்தைக் காகிதத்தின் மூலையில் வைத்தார். திருப்புளி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். சர்ரென்று ஒரே இழுப்பு. வெள்ளிக் காகிதம் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

யாரும் வந்து யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வெளியே எங்கோ ஒரு பைக் ஸ்டார்ட் ஆகாமல் இருமியது, அவ்வளவுதான்.

காகிதம் இருந்த இடத்தில் ஒரு சின்ன மூடி. இரண்டு முனையிலும் கடுகு மாதிரி இரண்டு ஸ்க்ரூ.

“ம்” என்று லாரிக்காரர் அதை மச்சான் முன்னால் நீட்டினார். “கழற்று.”

“நீங்களே...”

“பேரு உனக்கு, வேலை எனக்கா? ஊரெல்லாம் பையில குத்திக்கிட்டுத் திரியற இல்ல, இதுக்காவது எடு.”

திருப்புளி பையிலிருந்து எடுத்தான். முதல் ஸ்க்ரூவை இரண்டு தரம் தொட்டுத் தொட்டு எடுத்துத்தான் கழற்றினான். இரண்டாவதை ஒரே மூச்சில் சுழற்றி எடுத்தான். மூடியைத் தூக்கியதும் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சந்துகள். மேலதில் தூசி போகாமலிருக்க வெறும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று சொருகியிருந்தது. கீழது காலி. கைக்கணினியின் பக்கவாட்டில் ஒயர் வெளியே வர ஒல்லியான பள்ளமாக ஒரு காடி. ரப்பரை விலக்கினால்தான் தெரியும்.

“இத்தனை வருஷம் இந்த ஓட்டையை என் கையிலேயே வெச்சிருந்திருக்கேன்” என்றான் திருப்புளி. அவன் குரலிலும் இப்போது கோபம் ஏறியிருந்தது. “எங்களுக்கும் தெரியக் கூடாதுன்னுதான் ஒளிச்சிருக்காங்க, அத்தான்.”

“இப்பத்தான் உனக்கு உறைக்குதா? சொருகு.”

கீழ்ச் சந்தில் கார்டு மெத்தென்று உட்கார்ந்தது. ஒயரைக் காடியில் படியவைத்து, பேட்டரியை மாட்டி, பொத்தானை அழுத்தினான். திரை பச்சையாக விழித்தது. எண் கேட்டது. அதை மட்டும் அவன் விரல் மறக்கவில்லை. டெக்னீஷியன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, எந்தப் பழுது என்று படித்து, “ஆமா, நாங்க சரி பண்ணின அதே பழுதுதான், அழிங்க” என்றாள். அவன் அழித்தான். கன்ட்ரோல் பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் பெருமூச்சு விட்டது.

திருப்புளி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். லாரிக்காரர் சிரிக்கவில்லை.

“ஓட்டிப் பாரும்மா. காலியா ஓட்டாதே.” மச்சானின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். “இவனை ஏத்திக்கிட்டு ஓட்டு. இவன் மாட்டின ஃபேன் என் மேல விழுந்துச்சு. இவன் கிளப்பின லிஃப்ட் இவன் மேலயே விழட்டும்.”

சாயங்காலம் வரைக்கும் டெக்னீஷியன் ஒவ்வொரு மாடிக் கதவாகப் பார்த்தாள். திருப்புளி மேலும் கீழும் போய்வந்தான். கூடவே மூன்றாம் மாடிக்காரர்களையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்வந்தான். ஒன்றும் விழவில்லை. “நல்லா இருக்கு ஐயா, பயப்படாம கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். லாரிக்காரர் தலையை ஆட்டினார். அது சரி என்று ஆட்டினதா, போம்மா என்று ஆட்டினதா, அவளுக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் காலை. அவர் மனைவி தலை வாரி, நல்ல புடவை கட்டி, தம்பியின் தோளைப் பிடித்து லிஃப்ட் வாசலில் நின்றாள். கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்று, தெரிகிற கண்ணால் கணவரைத் தேடினாள்.

“வாங்க.”

“நீங்க போங்க.”

“ஏங்க? நீங்கதானே அந்தக் காகிதத்தைப் பிரிச்சீங்களாம்?”

“பிரிச்சது என் கோபத்துக்கு. இதை நம்பி இல்ல.”

“நம்பாததுலதான் என்னை அனுப்பறீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. “உன்னைப் போக வேண்டாம்னு சொன்னா நீ கேப்பியா?”

“கேக்க மாட்டேன். என் கண்ணு.”

“அப்புறம் என்ன பேச்சு? மச்சான், அக்காவை நல்லாப் பிடிச்சுக்கோ. ஏதாவது ஆச்சு, கீழ வந்து உன்னை உரிச்சுடுவேன்.”

கதவு மூடியது. லாரிக்காரர் படியில் இறங்கினார். ஐந்தாவது மாடிக்கு வந்ததும் லிஃப்ட் கதவில் தட்டி, “இருக்கியா?” என்று கத்தினார். பதில் இல்லை. நாலாவதில் இன்னும் பலமாகத் தட்டினார். யார் வீட்டுக் கதவோ திறந்து “யாருங்க?” என்றது. “உன்னைக் கூப்பிடல” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை விடாமல், முட்டி கதறக் கதற ஓடினார்.

கீழ்த்தளத்தில் அவள் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திருப்புளி வாசலில் ஆட்டோவைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எப்பவோ வந்துட்டோம்” என்றாள். “உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம். நேரமாகுது.”

அவருக்கு மூச்சு இரைத்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பினார். அவள் தன் காலால் நின்றாள்.

“திரும்பி வரும்போதாவது என்கூட வருவீங்களா?”

“இன்னும் எங்கெங்க ஓட்டை ஒளிச்சு வெச்சிருக்கானோ, யாரு கண்டா?” என்றார். முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்து, யாருக்கோ காத்திருந்து, மறுபடி மூடிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.