ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவின் ஸ்கேல்

நன்றி என்னும் பேரறம் நிலைத்திருப்பதால்தான் மழை பெய்கிறது, கதிர் முற்றுகிறது, இவ்வுலகம் இன்னும் அழியாமல் சுற்றுகிறது. இந்த உண்மையைக் கண்டறிந்தவர், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிருபாலயா நர்சரி அண்டு பிரைமரி பள்ளியை நடத்திவரும் கரஸ்பாண்டன்ட் செல்லதுரை. சென்னை அறக்கட்டளை ஒன்று வழங்கும் 'நற்பண்புப் பள்ளி' விருதுக்கான படிவத்தில், ஆறாவது கேள்விக்கு நூறு சொற்களுக்கு மிகாமல் பதில் எழுதும்போது கண்டறிந்தார். அந்த வருடம் மழை பெய்யத்தான் செய்தது. அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் நான்கு நாள் விடாமல் பெய்தது.

கிருபாலயாவில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து அங்கே நடப்பதற்குத் திருத்தம் என்று பெயர். அது ஓர் அடி நீள மர ஸ்கேலால் நடக்கும். நகம் வெட்டாமல் வந்தால் ஒன்று, வகுப்பில் தமிழ் பேசினால் இரண்டு. திருத்தம் முடிந்ததும் பிள்ளை கையை இழுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. நீட்டிய கை நீட்டியபடி இருக்க, 'நன்றி மிஸ்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நன்றிகெட்டதனத்துக்கு இன்னொன்று. கசப்பு மருந்து கொடுத்த டாக்டருக்கு நாம் நன்றி சொல்வதில்லையா என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் செல்லதுரை கேட்டார். ஆசிரியைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இந்த முறை மிக நன்றாகப் படிந்தது ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவில். அதன் ஆசிரியை இசைவாணி மிஸ். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியை. வருகைப் பதிவேட்டில் நிரந்தர ஆசிரியைகளின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். இசைவாணியின் பெயர் கடைசிப் பக்கத்தில், வேன் கழுவுகிறவருக்குக் கீழே இருந்தது. தினமும் காலையில் அந்தப் பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டிக் கையெழுத்துப் போடுவாள். விருது கிடைத்தால் அவள் பெயரை முன்னால் கொண்டுவருவதாக செல்லதுரை சொல்லியிருந்தார். ஜெபம் முடிந்த கையோடு சொன்னதால் அவள் நம்பினாள்.

அவள் வகுப்புச் சுவரில் நற்பண்பு அட்டை ஒன்று தொங்கியது. மொத்தம் பத்து நற்பண்புகள். நான்காவது: பெரியவர்களுக்குத் தேவையானதை அவர்கள் கேட்கும் முன்பே எடுத்துக் கொடு. முதல் வரிசையில் உட்காரும் தமிழ்நிலா பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள்.

தமிழ்நிலாவின் அம்மா அம்சவல்லி நெல் கொள்முதல் நிலையத்தில் பில் கிளார்க். அவள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள். மகளை இந்தப் பள்ளியில் சேர்த்ததைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்லாத நாள் இல்லை. விருதுக்காரர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு கேட்டருகே இசைவாணியைப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பற்றிப் பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். தோசை வைத்தாலும் நன்றி, தலை பின்னினாலும் நன்றி. தெருவே மெச்சுகிறதாம்.

"ஒண்ணே ஒண்ணுதான் மிஸ். நன்றி சொல்றப்பல்லாம் கண்ண இறுக்கி மூடிக்குது. பார்வையில எதாச்சும் கோளாறா இருக்குமோ?"

இசைவாணி வேனைப் பார்த்தபடி சொன்னாள்.

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க."

அம்சவல்லி ஒருநாள் லீவு போட்டு, மகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

விருதுக் குழு வரும் நாளன்று காலையிலேயே ஆயா வைரக்கண்ணு வகுப்பு வகுப்பாகப் போய் ஸ்கேல்களைச் சேகரித்தார். மொத்தம் பதினொன்று. அவற்றை ஒரு நெல் சாக்கில் போட்டு, ஜெப அறையில் வைப்பதா ஆபீசில் வைப்பதா என்று கேட்டார். ஜெப அறையைக் குழு பார்க்கும், ஆபீசில் குழு காபி குடிக்கும். கடைசியில் ஹால் மேடையில் பிரசங்கம் செய்ய நிற்கும் புல்பிட்டுக்குப் பின்னால் சாக்கை வைத்து, மேலே ஒரு வெல்வெட் துணியைப் போட்டார்கள். மேடைக்கு முன்னால் பாடல் பயிற்சிக்காக உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் அடக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழு என்பது ஓர் ஆள்தான். அறிவுச்செல்வன், முப்பத்திரண்டு வருடம் கல்வித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சால்வை, மாலை, துதிப்பாடல் எல்லாம் முடிந்தது. நன்றியைப் பற்றி செல்லதுரை நாற்பது நிமிடம் பேசினார். அதைக் கேட்டுப் பெற்றோர் வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். பிறகு அறிவுச்செல்வன் மைக்கை வாங்கி, பெரியவர்கள் பேசியது போதும், ஒரு குழந்தையைப் பார்க்கலாம் என்றார். முன் வரிசையைக் கையால் சுட்டினார். தமிழ்நிலா எழுந்து மேடையேறினாள். பெற்றோர் வரிசையில் அம்சவல்லி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"நல்ல புள்ளையா பாப்பா நீ? எங்க, நன்றி சொல்லு பாப்போம்."

தமிழ்நிலா வலது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே தெரியும்படி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. குழந்தை சாக்லேட் கேட்கிறதென்று நினைத்து அறிவுச்செல்வன் சட்டைப் பையைத் தடவினார். அதில் மாத்திரை அட்டைதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்நிலா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பெரியவர் கையில் ஒன்றுமில்லை. பாவம், அவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவள் நேராகப் புல்பிட்டுக்குப் பின்னால் போனாள். வெல்வெட் துணியை விலக்கினாள். சாக்குக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, மையால் '1 ஏ' என்று எழுதியிருந்ததை உருவினாள். இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.

"இந்தாங்க ஐயா."

பழைய இடத்துக்கு வந்து நின்றாள். கையை நீட்டினாள். கண்ணை மூடினாள்.

"நன்றி ஐயா."

பெரியவர் ஒருவர் கையில் ஸ்கேலைப் பார்த்ததும் மேடைக்குக் கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முப்பத்தெட்டுக் கைகள் நீண்டன.

அறிவுச்செல்வன் ஸ்கேலை நடுவில் பிடிக்கவில்லை. ஒரு நுனியைப் பிடித்திருந்தார். கை பழக்கத்தில் சற்று உயரவும் செய்தது. பிறகு அதைக் கீழே இறக்கி, மேசையில் வைப்பதா வேண்டாமா என்று யோசித்தார். ஓரத்தில் நின்ற இசைவாணி, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டாள்.

செல்லதுரை மைக்கைப் பிடித்தார்.

"எங்க பண்ப அளந்து பாத்துக்குங்கன்னு புள்ள ஸ்கேல் கொடுக்குதுங்க ஐயா. நாங்க சொல்லிக்கொடுக்கல. தானா வருது. ஸ்தோத்திரம்."

முதலில் கை தட்டியவர் அறிவுச்செல்வன். ஆசிரியைகள் தட்டினார்கள், பெற்றோர் தட்டினார்கள், தூங்கியவர்கள் விழித்துத் தட்டினார்கள். முப்பத்தெட்டுக் கைகளும் தட்டுவதற்காக மடங்கின. இசைவாணியும் தட்டினாள். அம்சவல்லியின் போன் மட்டும் மடிக்கு இறங்கிவிட்டது.

முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை என்று அறிவுச்செல்வன் குறிப்பேட்டில் எழுதினார். விருது அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. சென்னையில் தன் மேசை மேல் வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஸ்கேலைக் காரில் எடுத்துப்போனார்.

சாயங்காலம் கேட்டருகே அம்சவல்லி நின்றிருந்தாள். இசைவாணி அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள்.

"டாக்டர் சொன்னத உங்ககிட்ட சொல்லவே இல்லையே மிஸ். கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

அவ்வளவுதான் சொன்னாள். மகளின் வலது கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. நடுவில் எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் காலை தமிழ்நிலாவை வேனில் ஏற்றிவிட்டதும் அவள்தான்.

அன்று இசைவாணி பதிவேட்டை முன்னாலிருந்து திறந்தாள். ஆறாவது பெயராக அவள் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நன்றி ஐயா" என்றாள். செல்லதுரை தலையை அசைத்தார்.

முதல் பீரியடில் மூன்று பிள்ளைகள் நகம் வெட்டாமல் வந்திருந்தார்கள். ஒருத்தி தமிழில் பேசினாள். ஒன்றாம் வகுப்பு ஏ பிரிவின் ஸ்கேல் சென்னைக்குப் போய்விட்டதால், இசைவாணி மிஸ் கையால் அடித்தாள்.