சேஃப்டிக்கு இன்னொன்று

டப்பிங் பேச வந்த பெண் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தாள். மைக் முன்னால் நின்று மூச்சை இழுப்பாள், விடுவாள், கடைசியில் ஒரு முனகல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களோடு உட்கார்ந்திருந்த டைரக்டர் ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினார். "இது சாவு இல்லம்மா, சளி" என்றார். நானும் சிரித்துவிட்டேன். சவுண்ட் இன்ஜினியர் மட்டும் அலுத்துக்கொள்ளவே இல்லை. நன்றாக வந்த வசனத்தைக்கூட சேஃப்டிக்கு இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசாமி அவர்.

என் பக்கத்தில் டீ கப்போடு இருந்தவர் கதைக்காரர். என் வீட்டுக்காரர்தான். பத்து பேர் படித்த நாவலை எழுதியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நாவலில் ஒரு விண்கலம். எல்லோரும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நூற்றாண்டுத் தூக்கத்தில் கிடக்க, ஒரு அப்பா மட்டும் விழித்திருந்து, நுரையீரல் கெட்டுப்போன தன் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டே போகிறார். கடைசிப் பக்கம்வரை அந்த மூச்சு நிற்காது.

எங்கள் பாப்பாவுக்கு நின்றது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நாங்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். அந்த மத்தியானம் என் முறை. அவர் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தவர் எப்படி என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் எழுத உட்கார்ந்தார். முடித்ததும் என்னிடம் நீட்டி, "இதுல அவ சாகமாட்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மனுஷனோடு இன்னும் கொஞ்ச காலம் குப்பை கொட்டலாம் என்று தோன்றியது.

அந்த நாவலைத்தான் இப்போது படமாக எடுக்கிறார்கள். படத்தில் சாகிறாள். மூச்சு நின்றால்தான் ஜனம் அழுமாம். இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டில் பேச்சே அற்றுப்போனது. "நீயே வந்து சொல்லிப் பாரு, மாத்தினாலும் மாத்துவாங்க" என்று இவர் கெஞ்சியதால்தான் வந்திருந்தேன். கடைசிவரைக்கும் அவள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கட்டும் சார், என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டப்பிங் பெண் தண்ணீர் குடிக்க வெளியே போனாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் கதைக்காரர் முந்திக்கொண்டார்.

"இவளுக்குத் தெரியும் சார். இவதான் பக்கத்துல இருந்தா."

டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதைவிடப் பசி அதிகமாக இருந்தது.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றேன் இவரிடம்.

இவர் தரையைப் பார்த்தார். "அவ மூச்சு எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். வீட்ல உன்கிட்ட கேக்க வாய் வரல."

பாவி மனுஷன். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்காததை, யார் யாரோ உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்கிறார். ஆனாலும், அதைத் தனியாகச் சுமந்து நானும் ஓய்ந்துபோயிருந்தேன். ஒரே ஒரு தடவை அந்த மூச்சை அவரும் கேட்டுவிடட்டும். அதற்காகத்தான் எழுந்து உள்ளே போனேன், படத்துக்காக இல்லை.

இன்ஜினியர் வந்து மைக்கைத் தாழ்த்தி, ஹெட்போனை மாட்டிவிட்டுப் போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

பாப்பாவுக்கு மூச்சு சட்டென்று நிற்கவில்லை. ஒன்று வந்தது. அடுத்ததற்காக நான் குனிந்து காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, என்னவோ கேட்க வந்து வேண்டாம் என்று விட்டதுபோல, சின்னதாக ஒன்று வந்தது. அப்புறமும் நான் குனிந்தபடியே இருந்தேன்.

எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். அந்தக் காத்திருப்பையும்.

கண்ணைத் திறந்தபோது டைரக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. கைப்பிடியில் டீ கப் அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் கனமான கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

"பிரமாதம் மேடம்." ஹெட்போனில் இன்ஜினியரின் குரல் ரொம்ப மரியாதையாக வந்தது. "சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.