குழாய்க்குள் விழுந்த பூனைக்குட்டி

கதை என்றால் நல்லபடியாகத்தான் முடியணுமா? எனக்கு அதில் அப்படியொரு எரிச்சல். என் வீட்டுக்காரரோ படம் பார்க்க உட்காரும் முன்பே, "கடைசியில சேர்ந்துடுவாங்கல்ல?" என்று கேட்டுக்கொள்வார். "உங்களுக்காக அவங்க சேரணுமாக்கும்!" என்று சிடுசிடுப்பேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதே கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில், லிஃப்டில் சிக்கியவர்களோடு மைக்கில் பேசுவது என் வேலை.

ஒருநாள் மதியம், ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் கரண்ட் போய் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சிறுமி, தனியாக. வீசிங் உள்ள பிள்ளை. மருந்து பம்ப் வெளியே, கதவைத் தட்டி அழுகிற அம்மாவின் கையில். அங்கே போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடினார். பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் லிஃப்டை இறக்க வேண்டும். அவசரப்பட முடியாத வேலை அது. நாங்கள் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது எங்களுக்கும் ஸ்பீக்கரில் கேட்கும்.

"ஆன்ட்டி, மூச்சு முட்டுது."

பேச்சு நிற்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். வாய்க்கு வந்ததை ஆரம்பித்தேன். "கண்ணு, எங்க தெருவுல ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி இருந்துச்சு. ஒருநாள் மழைத்தண்ணிக் குழாய்க்குள்ள விழுந்துருச்சு..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, சிக்கிக் கிடக்கிற பிள்ளையிடம் போய்ச் சிக்கின கதையா! அதைவிட மோசம், நடந்த முடிவு. போன மாதம் குழாயை அறுத்து அதை எடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். உயிர் இல்லை. சுவரோரம் தன் கையாலேயே புதைத்தார். அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை.

"அப்புறம்?" மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள் சிறுமி.

"அப்புறம்... ஒருத்தர் வந்து குழாயை அறுத்தாரு. மெதுவா உள்ள கையை விட்டாரு..."

"வெளிய வந்துச்சா?"

கேட்டது சிறுமி இல்லை. மேலே மோட்டார் அறையில் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். எனக்குக் கைகொடுக்கக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் டீயில் சர்க்கரை போடவில்லை என்ற பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அந்தக் குரலில் நடிப்பே இல்லை. புதைத்தவரே கேட்கிறார்!

"வந்துச்சு!" என்றேன். "அவரு சட்டையெல்லாம் பிராண்டி, கத்திச்சு பாரு ஒரு கத்து!"

சிறுமி சிரித்துவிட்டாள். சிரிப்புக்கு நடுவே ஒரு நீளமான மூச்சு கேட்டது. மேலே ஒரு "அப்பாடா!" சக்கரம் விடாமல் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் சத்தம், அம்மாவின் அழுகை, பம்ப் அடிக்கும் 'புஸ்'. மைக்கை அணைத்துவிட்டு நானும் அழுதேன்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "ஏங்க, நீங்கதானே அதைப் புதைச்சீங்க?"

கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாதா? ஆனா நீ சொல்லச் சொல்ல, இந்தத் தடவை வந்துரும்னு தோணுச்சு." துணியைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வந்ததும் பால் குடிச்சுச்சா?"

எரிந்து விழ எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு கிண்ணம் முழுக்க," என்றேன்.