பதினேழு அங்குல மரம்

1937 ஆகஸ்டு 3, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். 17/√2 என்ற கணக்கில் கீழே இருக்கும் √2ஐப் போக்க அதை √2ஆல் பெருக்கினேன். மேலே பெருக்க மறந்துவிட்டேன். எட்டரை என்று வந்தது. சாயங்கால வகுப்பில் செய்திருந்தால் சிலேட்டைத் துடைத்திருக்கலாம். நான் வேலை பார்க்கும் மரவாடியில், முதலாளி நாகூர் கனியின் எதிரில் செய்தேன்.

தல்லாகுளத்து வீடு ஒன்றுக்குப் பன்னிரண்டு அங்குலச் சதுரத் தூண்கள் எட்டு வேண்டும். ஏழு ஆகிவிட்டன. மிச்சமிருக்கும் ஒரே தேக்கு, பட்டை நீக்கிச் சிறிய முனையில் அளந்தால் குறுக்களவு பதினேழு அங்குலம். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் சதுரத்தின் பக்கமாக வரும் என்பது வாடியின் வழக்கம். அப்படிப் பார்த்தால் பதினொன்றரைகூடத் தேறாது. "பலகைக்குப் போடு" என்றார் முதலாளி. அளவு எழுதுகிற நான் சும்மா இருந்திருக்கலாம். உருண்டை மரத்துக்குள் அடங்கும் சதுரத்துக்கு மூலைக்கு மூலை பதினேழு என்றால் பக்கம் 17/√2 என்று சிலேட்டை எடுத்தேன்.

"எட்டரையா?" என்றார் மரம் அறுக்க வாள் பிடிக்கும் பேயாண்டி. "ஏ மாப்ள லத்தீபு, மிச்ச மரத்த எலி தின்னுருச்சா?"

முதலாளி சிரிக்கவில்லை. "காலைல சரியாச் சொல்லு. ஒன் பேச்சக் கேட்டு மரம் வீணாப்போச்சுன்னா, கிளாஸு கிளாஸுன்னு ஓடுறது அன்னைக்கே முடிஞ்சுச்சு."

ஆகஸ்டு 4, புதன்

மேலேயும் √2ஆல் பெருக்கினேன். 17√2/2. பதினேழை 1.4142ஆல் வகுக்கப் போயிருந்தால் நடுவில் எங்காவது தடுக்கி விழுந்திருப்பேன். இப்போது பெருக்கிப் பாதியாக்கினால் போதும்: 12.02. ஆனால் நேற்று எட்டரையையும் இதே நிச்சயத்தோடுதானே சொன்னேன்? அதனால் மறுபக்கமிருந்து வந்து பார்த்தேன். பன்னிரண்டு அங்குலச் சதுரத்துக்கு மூலைக்கு மூலை √288. 288 என்பது இரண்டு 144. அந்த 144 பன்னிரண்டாக வெளியே வந்துவிடும். 12√2, அதாவது 16.97. பதினேழுக்குள் அடங்குகிறது.

"பன்னெண்டு வரும் முதலாளி. அங்குலத்துல அம்பதுல ஒரு பங்கு கூடவே இருக்கு."

"அம்புட்டுத்தானா?" என்றார் பேயாண்டி. "நான் ஒரு தும்மல் போட்டாப் போச்சே மாப்ள!"

"தும்மாமப் பாத்துக்க மாமா."

முதலாளி மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அறுக்குறதுக்கு நூலப் போடு."

ஒவ்வொரு அறுப்பின் போதும் நான் கணக்கை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். விடை மாறவில்லை. நான்காவது பக்கம் பிரிந்து விழுந்தபோது மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. முதலாளி மூலைமட்டம் வைத்தார். அடிக்கோல் வைத்தார். இரண்டு முனையிலும் பன்னிரண்டு. நான்கு விளிம்பும் கத்திபோல நின்றன. சிறிய முனையில், அந்த விளிம்புகளின் மேல் பட்டைக்கு அடியில் இருந்த மரத்தின் பழைய மேல்பரப்பு நூல் ஒட்டியதுபோல மெல்லிய கோடாக ஓடியது. முதலாளி அதில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்தார்.

"மணியாகுது. கிளாஸுக்குப் போகல?" என்றார்.

எழுந்தேன். பேயாண்டி மாமா ஒரு வேங்கைக் கட்டையைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து என் வழியில் நிறுத்தினார்.

"பதினஞ்சு அங்குலம். இது எம்புட்டு வரும் மாப்ள?"

நாளை காலை: வேங்கை, 15/√2. மேலேயும் கீழேயும் பெருக்க வேண்டும்.