கைதிகளுக்கு உண்டான சட்டம்

ஆவடிப் பக்கத்து யுத்தக் கைதி முகாமில் வேம்புலியம்மாளுக்குச் சமையல்கட்டில் வேலை. கரையான்சாவடியிலிருந்து நடந்தே வருவாள். இத்தாலிக்காரக் கைதிகளுக்கு முட்டையும் சிகரெட்டும் நாள் தவறாமல் போயின. ஊரில் கேழ்வரகுக்கே அல்லாட்டம். வேறொருத்தியாக இருந்தால் வயிறு எரிந்திருப்பாள். இவளோ அவர்கள் தட்டில் இன்னொரு கரண்டி சேர்த்தே போடுவாள்.

காரணம், மகன் பரந்தாமன். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன், சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் சிக்கிக்கொண்டான். ஒரு வருஷமாகக் கடுதாசி இல்லை. எதிரியின் கைதியைப் பட்டினி போடக்கூடாது, அடிக்கக்கூடாது என்று தேசங்களெல்லாம் ஜெனீவாவில் கூடிச் சட்டம் எழுதியிருப்பதாக முகாம் குமாஸ்தா ஜேசுராஜ் ஒருநாள் சொல்லிவைத்தான். பாவம், அதையே பிடித்துக்கொண்டாள். எதிரி என்றால் இத்தாலிக்காரனும் ஜப்பான்காரனும் ஒரே கட்சிதானே? இங்கே ஒழுங்காகப் போட்டால் அங்கேயும் போடுவார்கள் என்று நம்பிவிட்டாள்.

1943 மாசியில் முகாமைப் பார்வையிட ஒரு துரை வந்தார். சண்டையில் எந்தப் பக்கமும் சேராத நாட்டுக்காரர். கம்பளியைத் தடவிப் பார்த்தார், கைதிகளைத் தனித்தனியே விசாரித்தார், குறைகளை எழுதிக்கொண்டார். வேம்புலியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குறுக்கே நின்று, துரையோடு வந்த ஜேசுராஜைப் பிடித்துக்கொண்டாள்.

"தொரைகிட்ட சொல்லு நைனா. இதேமாரி எம்புள்ளயையும் ஒருதபா பாத்துட்டு வரச் சொல்லு. துன்னானான்னு கேட்டா போதும்."

ஜேசுராஜ் இங்கிலீஷில் சொன்னான். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏதோ பேசினார்.

"அங்க உள்ள பூர்றதுக்கு ஜப்பான்காரன் உடமாட்றானாம், யக்கா."

"அதான் சட்டம் கீதே?"

"கீது. கையெயுத்தும் போட்டுக்கீறான். ஆனா அவனூர்ல அது செல்லும்னு இன்னும் ஒத்துக்கலியாம்."

"அடிச்சிட்டு ஒத்துக்கலன்னா, இஸ்த்துகினு போயி கேக்க போலீசு, கோர்ட்டு ஒண்ணும் இல்லியா?"

இதைக் கேட்க ஜேசுராஜுக்கே கூச்சம். கேட்டான். துரை சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"இப்போதிக்கி இல்லியாம். சண்ட முடிஞ்சி, கெலிச்சவங்க கேப்பாங்களாம்."

"அதுவரிக்கும் அவன் உசிரோட இருக்கணுமே, நைனா."

அதை ஜேசுராஜ் இங்கிலீஷில் சொல்லவில்லை. துரை பரந்தாமன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வண்டி ஏறினார்.

சாயங்காலமே சமையல்கட்டுக்கு உத்தரவு வந்தது. ரொட்டி கல்லாக இருப்பதாகக் கைதிகள் சொல்லியிருக்கிறார்கள், சட்டப்படி நாளைக்கே அது சரியாக வேண்டும். வேம்புலியம்மாள் மாவைக் கொட்டினாள். அழுதுகொண்டே, மெத்தென்று வரும்வரை பிசைந்தாள்.