தாய்மாமன் குத்திய காது

பிறக்கும்போதே கனிமொழிக்கு இடது காது இல்லை. அந்த இடத்தில் ஒரு சதைத் துண்டுதான் இருந்தது. தாய்மாமன் கொளஞ்சியப்பனுக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது. இவளை வேறு யார் கேட்டு வரப்போகிறார்கள், அவள் பங்குக்கு வரும் பண்ருட்டி பலாத்தோப்போடு தன் மகன் இளவரசுக்கு வந்துவிடுவாள் என்று நிம்மதியாக இருந்தான் மனுஷன்.

2010-இல் சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனை அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது. வலது காதை அளவெடுத்து, சல்லடை போன்ற மெல்லிய அச்சு ஒன்று செய்தார்கள். கனிமொழியின் இடுப்பெலும்பில் எடுத்த ஸ்டெம் செல்களை அதில் வளர்த்தார்கள். செல்கள் குருத்தெலும்பாக மாற அச்சே வழிகாட்டும், பிறகு தானே கரைந்துபோகும். தோலுக்கடியில் வைத்துத் தைத்ததும் காது வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ரேகா சொன்னார்: “அச்சு முழுசா கரைய ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஊசிமுனைகூட படக்கூடாது. சீழ் வெச்சா காதே போயிடும்.” அம்மா மாரியம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள். கனிமொழியும் மாமனும்தான் கேட்டார்கள்.

ஆறாம் மாதம் கடலூரிலிருந்து அன்புமணி பெண் பார்க்க வந்தான். கோர்ட்டில் வேலை. அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக முடியை இழுத்து வாரிப் பின்னிக்கொண்ட கனிமொழிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே கொளஞ்சியப்பன் வந்தான். “நிச்சயத்துக்கு முன்னாடி காது குத்தணும்க்கா. தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பாழாய்ப்போன கண்ணீர்.

“வேணாம்மா. ஒரு வருஷம் ஊசியே படக்கூடாதுன்னாங்க.”

“ஆறு மாசம்னுதான சொன்னாங்க? நானும் பக்கத்துலதான நின்னேன்?”

மாரியம்மாள் தம்பியை நம்பினாள். மடியில் உட்காரும் வயதில்லை என்பதால் பக்கத்தில் உட்காரவைத்து, கனிமொழியின் தலையை அவனே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி குத்தி முடித்ததும், “மேல்காதுலயும் ஒண்ணு குத்துங்க, கொப்பு போடட்டும்” என்றான்.

ஒரே வாரத்தில் சீழ் வைத்தது. சிதம்பரத்துக்கு ஓடினார்கள். காதை வெட்டியெடுத்த ரேகா, இன்னொன்று வைக்க அங்கே நல்ல தோல் மிச்சமில்லை என்றார். அன்புமணி வீட்டார் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கொளஞ்சியப்பன் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றான். “காது இல்லன்னா என்னக்கா? எம் புள்ள கட்டிக்குவான்.”

மாரியம்மாள் அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

“இவருக்குத் தெரியும்மா! டாக்டர் சொன்னப்ப இவரும் கேட்டாரு!” என்று கத்தினாள் கனிமொழி.

“தெய்வமா வந்து நிக்கறான் எந் தம்பி. அவனப் போயி என்னா பேச்சுடி பேசற?” என்று ஓங்கி அறைந்தாள் அம்மா, கட்டுப் போட்டிருந்த பக்கத்தில்.